முழு சைஸ்

கட்டடங்களில் அவளுக்கு லிஃப்ட்டம்மா என்று பெயர். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மூத்த மெக்கானிக். இரும்புக் கூண்டு மேலே போகும், கீழே வரும். அவள் இருட்டில் நின்று கம்பி வடத்தையும் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். விடுமுறை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு, வானம் அகலமாக இருக்கிற இடமாகப் பார்த்துப் போய்விடுவாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். வாரம் பூரா மேலயும் கீழயும் பார்க்கிறேன், ஒரு நாளாவது பக்கவாட்டுல பார்க்கணும்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். விடுமுறையிலும் அவர்தான் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. இடம் வந்ததும் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவார். காவலுக்கு இருக்கிறேன் என்பார்.

அவள் எடுப்பது ஒரு சொடுக்கில் முடிகிற படம் அல்ல. கேமராவை ஸ்டாண்டில் இறுக்கி, விரலளவு விரலளவாகத் திருப்பி, வரிசை வரிசையாக எடுத்துக்கொண்டே போவாள். செங்கல் அடுக்குவது போல. பிறகு வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பாள். சேர்த்து முடித்த படத்தை வீட்டில் எந்தச் சுவரிலும் மாட்ட முடியாது. அவ்வளவு பெரிசு. அதனால் இணையத்தில் போட்டாள். குறைக்காமல், எடுத்த அளவிலேயே.

அவளுடைய பெருமையெல்லாம் ஒரு படத்தில் இருந்தது. கழிமுகம். ஆறு கடலில் சேருகிற இடம், தண்ணீர் இறங்கிய நேரம். மேலோட்டமாகப் பார்த்தால் சேறு, நீர், வரிசையாக மரக்கம்பங்கள், அப்பால் மங்கலாக ஒரு மலை. இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். கிட்டே போகப் போகத்தான் விஷயம். ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் ஒரு பறவை. அதில் ஒன்றின் அலகில் மீன். மீனுக்குக் கண் தெரியும். எதிர்க்கரையில் ஒருவன் சைக்கிள் கழுவுகிறான், வாளி சிவப்பு. அவனுக்குப் பின்னால் ஒரு வீடு. வீட்டு ஜன்னலில் திரை பாதிதான் இழுத்திருக்கிறது.

உள்ளே போய்ச் சுற்றிவிட்டு வந்தேன், திரும்ப வழி தெரியவில்லை என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். அதை அவள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினாள். அவர் தூங்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு மறுபடியும் படித்துக் காட்டினாள்.

தம்பிக்குத்தான் இது பொறுக்கவில்லை. அவன் கம்ப்யூட்டர் வேலை. அக்காவின் இணையதளத்தைக் கட்டிக் கொடுத்தவன் அவன்தான். கடையை விரியத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போகிறாய் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொன்னபடியே நடந்தது. ஒரு நாள் ஒரு மெத்தை விளம்பரத்தில் அவள் எடுத்த மலை வந்தது. மலை உச்சியில் மெத்தை. மெத்தையில் முன்பின் தெரியாத ஒருத்தி குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தம்பி குதித்தான். படங்களை உள்ளங்கை அளவுக்குக் குறைக்க வேண்டும், நடுவில் குறுக்காகப் பெயரை அடிக்க வேண்டும், இன்றைக்கே என்றான். கதவைத் திறந்து வைத்தால் நாய் வரத்தான் செய்யும் என்றான்.

அவளுக்கும் கோபம்தான். ஆனால் திருடியதைவிட, மலையை அவ்வளவு சின்னதாக நசுக்கிவிட்டார்களே என்றுதான் ஆறவில்லை.

"யானையைக் கூட்டிட்டு வந்து வாலை மட்டும் காட்டச் சொல்றியா?" என்றாள்.

அக்காவும் தம்பியும் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் நடுவில் இருந்து இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் கொண்டுபோனார். பாதியை வழியில் போட்டுவிட்டார். அதனால் சமாதானம் ஏற்பட்டது.

தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். படம் முழு அளவிலேயே இருக்கும். ஆனால் ஒரே படமாக இருக்காது. சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து வைத்திருப்பான். பார்க்கிறவர் எந்த மூலையை நெருங்குகிறாரோ அந்த மூலைக்கான துண்டு மட்டும் வந்து சேரும். கண்ணுக்கு ஒட்டுத் தெரியாது. ஆனால் எடுக்கப் போனால் கையில் ஒன்றும் வராது. சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் முழுப் படத்தையும் எடுக்க அனுமதி இல்லை என்று ஒரு வரி வந்து நிற்கும். அந்த வரியை அவனே எழுதினான். அதில் அவனுக்கு ஒரு மிடுக்கு.

பூட்டு மாட்டிய அன்று எல்லோர் முன்னாலும் மீசையை நீவிக்கொண்டு சொன்னான்.

"எவனாவது இந்தப் படத்தை முழுசா, சரியா எடுத்துட்டான்னா, நான் ஒரு பக்க மீசையை எடுத்துக்கிறேன்."

சின்ன வார்த்தை இல்லை. அந்த மீசைக்கு அவன் தனியாகச் சீப்பு வைத்திருந்தான்.

அக்காவும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படி ஒருத்தன் எடுத்துவிட்டால் பிறகு உன் இஷ்டம், எல்லாப் படத்தையும் சின்னதாக்கிக்கொள், நான் வாயே திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.  அவளுக்குப் பூட்டின் மேல் நம்பிக்கை இருந்தது. தம்பி வேலை தெரிந்தவன். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவனிடம் சுத்தமாகச் சொன்னதில்லை.

அந்தப் பூட்டும் நின்றது. கழிமுகம் முழு அளவில் இருந்தது. ஜனம் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனது.

பல மாதம் கழித்து, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கம்பெனிக்குத் தகவல் வந்தது. லிஃப்ட் மாடிக்கு மாடி ஒரு சாண் தள்ளி நிற்கிறது, தள்ளுவண்டியை இறக்க முடியவில்லை என்று. வழக்கமாகப் போகிற ஆள் விடுப்பில் இருந்ததால் அவள் போனாள். புதுக் கட்டடம் இல்லை. அடித்தளத்தில் நடை நீளமாக ஓடியது. குழாய்கள், கிடங்குகள், பழைய கட்டில்கள். லிஃப்ட்டின் குழிக்குள் இறங்கும் முன் யாரும் பொத்தானை அழுத்தாதபடி மாடிகளுக்கெல்லாம் அறிவிக்க வேண்டும். தொலைபேசி அறையில் சொல்லுங்கள், ஹலோ அக்கா சொல்லிவிடும் என்றார் ஓர் ஊழியர்.

தொலைபேசி அறை குழிக்கு அடுத்த கதவு. தட்டினாள். வரலாம் என்று குரல் வந்தது. கதவைத் தள்ளினாள்.

முதலில் அவளுக்கு அது படமாகத் தெரியவில்லை. இடமாகத் தெரிந்தது. காலுக்கடியில் சேறு இளகியது போல இருந்தது. கதவுப் பிடியை விடாமல் நின்றாள்.

எதிர்ச்சுவர் முழுக்கக் கழிமுகம். ஒரே தாள் அல்ல. அலுவலகப் பிரின்டரில் போடுகிற சாதாரணத் தாள்கள், பக்கத்தில் பக்கமாக, மேலும் கீழுமாக, ஒட்டுநாடா போட்டு. இடது ஓரத்தில் கதவுச் சட்டத்திலிருந்து தொடங்கி வலது ஓரத்தில் மின்சாரப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய் முடிந்தது. மை தீர்ந்துகொண்டு வந்த இடத்தில் வானம் வெளுத்திருந்தது. புது மை மாற்றிய இடத்தில் திடீரென்று நீலம். ஆனால் மலை இருந்தது. சைக்கிள்காரன் இருந்தான். வாளி சிவப்பாகவே இருந்தது.

அவள் இதுவரை அந்தப் படத்தை இந்த அளவில் பார்த்ததில்லை. எடுத்தவளே பார்த்ததில்லை. அவளிடம் அத்தனை பெரிய சுவர் இல்லை.

பெருமைதான் முதலில் வந்தது.  அதன் பின்னாலேயே அவள் கொடுத்த வாக்கு வந்தது.

மூன்றாவதாக ஒன்று கண்ணில் பட்டது. தண்ணீர்ப் பகுதியில், கீழ் வரிசையில், இரண்டு தாள்கள் இடம் மாறியிருந்தன. மீன் கவ்விய பறவை உட்கார்ந்திருக்கும் கம்பத்துக்குத் தண்ணீரில் நிழல் இல்லை. அடுத்த தாளில் கம்பமே இல்லாத இடத்தில் ஒரு கம்பத்தின் நிழல், பறவையோடு, தலைகீழாக நின்றது. பார்த்த பிறகு வேறு எதையும் பார்க்க முடியவில்லை. பல்லிடுக்கில் சிக்கியது போல உறுத்தியது.

தலையில் ஹெட்போன் மாட்டிய பெண், சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உருண்டு வந்தாள். வயது லிஃப்ட்டம்மாவை ஒத்துத்தான் இருக்கும். எந்த வார்டுக்கு வந்தீங்க என்று கேட்டாள். லிஃப்ட் என்றதும் முகம் மலர்ந்தது. மாடிகளுக்கு அறிவிப்புச் செய்தாள். அதற்கிடையில் வந்த அழைப்புகளை அந்தந்த வார்டுக்குப் பிரித்து அனுப்பினாள். பிறகு, வந்தவள் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்பதைக் கவனித்துவிட்டாள். அந்தச் சுவரைப் பற்றிப் பேச அவளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

"ஜன்னல் வெச்சுக் குடுங்கன்னு எழுதிக் கேட்டேன். ஃபேன் வெச்சுக் குடுத்தாங்க. சரி, நம்ம ஜன்னலை நாமளே வெச்சுக்குவோம்னு..."

எப்படிச் செய்தாள் என்பதையும் அவளே சொன்னாள். இணையத்தில் ஒரு நாள் தற்செயலாகக் கண்ணில் பட்டிருக்கிறது. எடுக்கப் பார்த்தால் முழுப் படத்தையும் எடுக்க அனுமதி இல்லை என்று வந்தது. மரியாதை தெரிந்தவள். முழுசாக எடுக்கவில்லை. திரையில் தெரிகிற அளவை மட்டும் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, படத்தை ஒரு கோடு நகர்த்தி அடுத்ததைப் பிடித்தாள். ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் ஒரு துண்டு. மழைக்காலம் தொடங்கியபோது ஆரம்பித்தது, வெயில் வந்தபோது முடிந்தது. ஆஸ்பத்திரி கழித்துப் போட்ட பிரின்டர், சொந்தத் தாள். ஒட்டும்போது மட்டும் வார்டு ஊழியர்கள் ஏணி பிடித்தார்கள்.

லிஃப்ட்டம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். தம்பியின் பூட்டை இந்த அம்மாள் உடைக்கவில்லை. சாவியும் தேடவில்லை. வீட்டைச் செங்கல் செங்கலாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஹலோ அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு சுவரோரமாக ஊரைச் சுற்றிக் காட்டினாள். இவன் சைக்கிள்காரன், சைக்கிளைக் கழுவுகிற அழகைப் பார்த்தால் கல்யாணம் ஆகாதவன். இந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் இவ்வளவு வெளிச்சத்தில் திரை இழுப்பார்களா? இது மீன் பிடித்த பறவை, மற்றதெல்லாம் அதைப் பார்க்காத மாதிரி நடிக்கின்றன. பிறகு வலது கோடிக்கு உருண்டு போனாள். கடைசிக் கம்பத்தை ஒட்டி இடுப்பளவு நீரில் நீலச் சட்டை போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"இவர்தான் எனக்குத் துணை. நானும் உட்கார்ந்தே இருக்கேன், அவரும் நின்னுக்கிட்டே இருக்காரு. காலையில வந்ததும் இவருக்குத்தான் முதல் ஹலோ."

"அது ஆள் இல்லக்கா" என்றாள் லிஃப்ட்டம்மா. வாய் முந்திக்கொண்டது. "குட்டைக் கம்பத்துல மாட்டிக் காயப்போட்ட சட்டை."

ஹலோ அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரர் சட்டை. வழுக்கிச் சேத்துல விழுந்துட்டாரு."

அறையில் அழைப்பு மணி அடித்தது. ஹலோ அக்கா எடுக்கவில்லை. அந்த அறையில் அப்படி நடப்பது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். லிஃப்ட்டம்மாவின் கிரீஸ் கறை படிந்த கையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கையை.

"நீங்களா?"

"நான்தான்."

ஹலோ அக்கா எழுந்து நின்றாள். நாற்காலி தானாகப் பின்னால் உருண்டது. எடுத்துவிடச் சொல்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டு நீலச் சட்டைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள், மறைப்பது போல.

 வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டம்மா குழிக்குள் இறங்கினாள். ஒரு சாண் கோளாறைச் சரி செய்ய அன்று வழக்கத்தைவிட நேரமாயிற்று. திருகாணியை முடுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஒரு நிழல் தன் கம்பத்தைத் தேடிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

அவள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கம்பி வடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் சொல்லிவிட வேண்டும். யாரும் பார்க்கவில்லையே என்று விடக் கூடாது. அன்று சாயங்காலம் தட்டு முன்னால் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள். தம்பியும் சாப்பிட வந்திருந்தான்.

அவன் கை வாய்க்குப் போகாமல் நின்றது. முழுசாவா என்று கேட்டான். ஒரு சுவர் முழுக்க என்றாள். யார் உடைத்தது, எந்த நாட்டுக்காரன், என்ன மென்பொருள் என்று அடுக்கிக்கொண்டே போனான். தொலைபேசி எடுக்கிற அம்மாள், கையால் எடுத்திருக்கிறாள் என்றதும் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திருடனிடம் தோற்றால் ஒரு மாதிரி. பொறுமையிடம் தோற்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டுக்காரர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"மச்சான், எந்தப் பக்கம்? இடதா வலதா?"

"மாமா, சும்மா இருங்க."

"சொன்னா சீப்பை ஒளிச்சு வைக்கலாமேன்னு பார்த்தேன்."

இடம் மாறிய தாள்களைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. முழுசா, சரியா என்றுதான் பேச்சு. சரியாக இல்லை என்று தன் வாயால் சொன்னால், தோற்கிற நேரத்தில் ஓட்டை தேடுவது போல இருக்கும். வந்து நீயே பார் என்று மட்டும் சொன்னாள். பார்த்துக் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும்.

மூவரும் போனார்கள். ஹலோ அக்கா அன்று நல்ல புடவை கட்டியிருந்தாள். தீர்ப்புக் கேட்க வந்தவள் போல ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். வீட்டுக்காரர் நேராக நீலச் சட்டையிடம் போனார். குனிந்து பார்த்தார். இது தொலைந்துபோச்சுன்னு இல்ல சொன்னே என்று மனைவியைக் கேட்டார். அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி வேலையில் இறங்கினான். ஒரு தாள் விட்டுப்போயிருக்கிறதா என்று தேடினான். மேல் வரிசையில் தொடங்கி ஓரம் ஓரமாக விரலை வைத்துக்கொண்டு போனான். வானம் முடிந்து மலைக்கு வந்தான். மலையில் கொஞ்சம் நின்றான். கரைக்கு வந்தவன் சைக்கிள்காரனைத் தாண்டவே நேரம் பிடித்தது. திரைக்குள் துண்டு துண்டாக எத்தனையோ தடவை பார்த்த படம். அவனே வெட்டி அடுக்கியதுதான். ஆனால் அதன் முன்னால் அவன் நின்று பார்த்ததில்லை. தண்ணீர்ப் பகுதிக்கு வந்தபோது விரல் வேகமாக ஓடியது. தண்ணீரில் பார்க்க என்ன இருக்கிறது? மாறிய தாள்களைத் தாண்டிப் போய்விட்டான்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்லவில்லை.

"ஒரு துண்டுகூட விடலப்பா" என்றாள் ஹலோ அக்கா. தயங்கித் தயங்கித்தான் சொன்னாள், ஆனாலும் குரலில் கர்வம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

தம்பி திரும்பினான். கை மீசைக்குப் போயிற்று. நீவவில்லை, சும்மா தொட்டுப் பார்த்துக்கொண்டான். பேச்சு பேச்சுதான் என்றான். நாளைக்கே எல்லாப் படத்தையும் குறைத்துவிடுகிறேன், என் கணக்கை நான் கண்ணாடி முன்னால் தீர்த்துக்கொள்கிறேன் என்றான். அதில் அவனுக்குச் சந்தோஷம் இல்லை. இத்தனை நாளாகக் குறைக்கச் சொன்னவன் அவன்தான்.

அவள் தலையாட்டினாள். வாயே திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள், திறக்கவில்லை. ஆனால் கைக்கு அவள் வாக்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை. அது பாட்டுக்குப் போய் அந்தக் கம்பமில்லாத நிழலின் ஓரத்து ஒட்டுநாடாவை நகத்தால் நெம்பத் தொடங்கியிருந்தது.

"என்ன பண்றே?" என்றான் தம்பி.

"இது ரெண்டும் இடம் மாறியிருக்கு."

அவன் அருகில் வந்தான். கம்பத்தைப் பார்த்தான். கீழே பார்த்தான். பக்கத்துத் தாளைப் பார்த்தான். ஊருக்கே விளக்குப் போட்டது போல அவன் முகம் வெளிச்சமானது.

"அப்போ சரியா எடுக்கல!" என்றான். "முழுசா, சரியான்னுதானே சொன்னேன்? அக்கா, கையை எடு. தொடாதே. பூட்டு நிக்குது. உன் படம் அப்படியே பெரிசாவே இருக்கலாம். நீ அந்தத் தாளைத் தொட்டேன்னா எல்லாம் போச்சு."

ஹலோ அக்காவுக்குப் பூட்டும் தெரியாது, மீசைப் பேச்சும் தெரியாது. அவளுக்குக் கேட்டதெல்லாம் தன் சுவரில் தப்பு இருக்கிறது என்பதுதான். முகம் சுருங்கிப்போயிற்று. எது எது என்று கேட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். நான் இவ்வளவு நாளா இதைப் பார்க்கவே இல்லையே என்றாள். தம்பி கையை விரித்துச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றான். சொல்லாதே அக்கா, எதுன்னு சொல்லாதே என்றான்.

வீட்டுக்காரர் பஸ்ஸில் ரகளையைப் பார்க்கிற ஓட்டுநரின் பொறுமையோடு கதவோரம் நின்றார். அவருக்குத் தன் மனைவியைத் தெரியும்.

லிஃப்ட்டம்மாவின் நகம் ஒட்டுநாடாவின் ஓரத்திலேயே இருந்தது. கையை எடுத்தால் போதும். எல்லாப் படமும் முழு அளவில் இருக்கும். ஊரில் யாருக்கும் தெரியாத ஓர் அடித்தளத்து அறையில் ஒரு கம்பத்துக்கு நிழல் இருக்காது. அவ்வளவுதான். யார் பார்க்கப் போகிறார்கள்?

ஹலோ அக்கா பார்ப்பாள். இனி தினமும் அதை மட்டும்தான் பார்ப்பாள்.

"நகரு" என்றாள் தம்பியிடம்.

"அக்கா, யோசி."

"யோசிச்சாச்சு. சின்னதா இருந்தாக்கூட இருந்துட்டுப் போகட்டும். தப்பா இருக்கக் கூடாது. என் படம்."

அவன் நகர்ந்தான். அவள் இரண்டு தாள்களையும் கிழியாமல் உரித்தாள். நகத்துக்கடியில் கிரீஸ் இல்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். வெறும் தண்ணீராக இருந்ததை வலது பக்கம் வைத்தாள். நிழலைக் கம்பத்துக்குக் கீழே கொண்டுவந்தாள். ஒரு நூல் இடது பக்கம் தள்ளினாள். இன்னும் அரை நூல். கம்பம் தண்ணீரைத் தொட்ட இடத்தில் நிழல் வந்து ஒட்டிக்கொண்டது. பறவையின் அலகுக்கு நேர் கீழே பறவையின் அலகு. மீனுக்குக் கீழே மீன்.

 ஹலோ அக்கா ஒட்டுநாடாச் சுருளை எடுத்து நீட்டினாள். லிஃப்ட்டம்மாவின் கைக்கு எட்டும் முன் தம்பி அதை வாங்கிக்கொண்டான். பல்லால் கடித்து ஒரு துண்டு கிழித்தான். அக்கா தாளை அழுத்திப் பிடிக்க, அவன் ஒட்டினான். இன்னொரு துண்டு கிழித்தான். கடைசி மூலையை ஒட்டப் போனவன் கையை நிறுத்தி ஏதோ யோசித்தான். அந்த மூலையை அக்காவின் விரலுக்கே விட்டுவிட்டான்.

"நீயே ஒட்டு" என்றான்.

அவள் ஒட்டினாள்.

"மாமா, நீங்க சாட்சி" என்றான் தம்பி. "கடைசித் தாளை ஒட்டினது யாரு?"

"உங்க அக்கா."

"படம் யாரோடது?"

"அதுல என்ன சந்தேகம்? என் சட்டையே இருக்கு."

"அவ்வளவுதான். வெளியாள் முழுசா, சரியா எடுத்தாத்தான் பேச்சு. இந்தக்கா எடுத்தது தப்போட எடுத்தது. தப்பில்லாம எடுத்தது எங்க அக்கா. சொந்தக்காரி தன் படத்தைத் தானே எடுத்தா அது பூட்டு மேல தப்பில்ல. பூட்டு பூட்டாத்தான் இருக்கு."

இத்தனை பெரிய நியாயத்தை அவன் ஒரே மூச்சில் சொன்னான். சொல்லிவிட்டு அக்காவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளும் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் சங்கடமாகியிருக்கும்.

மீசை பிழைச்சுது, கும்பிட்டுக்க மச்சான் என்றார் வீட்டுக்காரர்.

ஹலோ அக்கா மட்டும் இன்னும் தன் கேள்வியில் இருந்தாள். அப்போ இது இருக்கலாமா என்று கேட்டாள். லிஃப்ட்டம்மா பின்னால் நகர்ந்து நகர்ந்து எதிர்ச்சுவரில் முதுகு முட்டும் வரை போனாள். அங்கிருந்து பார்த்தாள். வெளுத்த வானமும் பட்டை பட்டையான நீலமும் இப்போது உறுத்தவில்லை. மேகம் போல இருந்தது. இருக்கட்டும் என்றாள். மை மாற்றினால் ரொம்ப வெளுத்த இடத்தை மட்டும் மறுபடியும் அச்செடுத்துப் போடுங்கள், இரண்டு தாள்தான் என்று சொல்லி, எந்த இரண்டு என்றும் காட்டினாள். உங்கள் பெயரை எங்கே எழுதட்டும் என்று ஹலோ அக்கா கேட்டதற்கு, வானத்தில் மட்டும் வேண்டாம் என்றாள். மின்சாரப் பெட்டியின் கதவில் எழுதலாம் என்று முடிவாயிற்று. திறக்கிறவர்கள் எப்படியும் படிப்பார்கள்.

அதற்குள் கதவு பாதி திறந்தது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி, வழி தவறி அடித்தளத்துக்கு வந்தவள், தலையை நீட்டினாள். மாடிக்கு லிஃப்ட் எந்தப் பக்கம் என்று கேட்க வாயெடுத்தவள் கேட்காமல் நின்றுவிட்டாள். உள்ளே வந்தாள். ஓரடி, இன்னொரு அடி. மூக்கு சுவரில் படுகிற அளவுக்குப் போய், மீனின் கண்ணைப் பார்த்தாள்.

"யம்மா. யாரு எடுத்தது இது?"

ஹலோ அக்கா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தது. வேறு வழியில்லாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையை மட்டும் லிஃப்ட்டம்மாவை நோக்கி நீட்டினாள். லிஃப்ட்டம்மா சொல்வதற்காகத் தொண்டையைச் சரி செய்துகொண்டாள்.

தம்பி முந்திக்கொண்டான்.

"எங்க அக்கா" என்றான், மீசையை நீவிக்கொண்டு. "முழு சைஸ்."